தராசு போட்ட சர்வீஸ்

எலும்பெடுக்கும் கத்தியைக் கையில் பிடித்தபடி அண்ணன் சரக்கேற்றும் மேடையை நோக்கி ஓடினான். அவனை மடக்க நாலு பேர் போதவில்லை. இன்னொருவன் பின்னாலிருந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கிய பிறகுதான் கத்தி கீழே விழுந்தது. அதற்குள் அது வந்த வேலையில் பாதியை முடித்திருந்தது. ரெட்டையின் இடது முன்கையில் தோல் பிளந்து, ரத்தம் முழங்கை வழியாகச் சொட்டியது.

ரெட்டை என்பது பட்டப்பெயர். அந்த இறைச்சிக் கூடத்தில் சுமைக்காரர்கள் உரித்த ஆட்டை ஆளுக்கு ஒன்றாகத் தூக்கினால், இவன் தோளுக்கு ஒன்றாகத் தூக்குவான். அண்ணனுடைய தங்கைக்கு இவன்தான் புருஷன். முந்தின நாள் அவளுடைய இடது மணிக்கட்டை அலமாரிக் கதவுக்கு நடுவில் வைத்துச் சாத்தி உடைத்தவனும் இவன்தான். சட்டையில் ஒரு பட்டன் இல்லாமல் போயிருந்தது. அவ்வளவுதான் காரணம்.

தங்கையை அங்கே எல்லோரும் தராசு என்று கூப்பிடுவார்கள். பொட்டலப் பிரிவில் எடை போடும் மேசை அவளுடையது. கறித்துண்டைக் கையில் எடுத்ததுமே எடையைச் சொல்லிவிடுவாள். இயந்திரம் கொஞ்சம் யோசித்துவிட்டு அதையே சொல்லும். அன்று காலை மாவுக்கட்டோடு லீவு சொல்ல வந்தவளை அண்ணன் வாசலில் பார்த்தான். என்ன ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. திரும்பிப் போய்க் கத்தியை எடுத்துவிட்டான்.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. முன்பு ஒரு தகராறில் கத்திக்காரன் ஒருவன் இன்னொருவனுடைய காதை அறுத்துக் கழிவுத் தொட்டியில் எறிந்துவிட்டான். எந்தத் தொட்டி என்று கண்டுபிடிக்கவே அரை நாள் போயிற்று. காது கிடைத்தது, ஒட்டவில்லை. அதற்குப் பிறகு, கைவிட்ட பழைய குளிர்அறையில் ஒரு இறகுப்பந்து வலையைக் கட்டினார்கள். இனி எவனுக்கு எவனோடு வழக்கு இருந்தாலும் கத்தி பூட்டுக்குள் போகும், ஆட்கள் வலைக்குப் போவார்கள். இருபத்தொரு பாயின்ட். ஆடுவதற்கு முன் இருவரும் தங்களுக்கு என்ன வேண்டும் என்பதை எல்லோர் முன்னாலும் சொல்லிவிட வேண்டும். ஜெயித்தவர் கேட்டது நடக்கும். நடக்கவிடாமல் முரண்டு பிடிப்பவனுக்கு யாரும் கத்தி தீட்டித் தரமாட்டார்கள், தோளுக்குச் சுமை ஏற்றிவிடமாட்டார்கள். அப்படி ஒதுக்கப்பட்ட எவனும் அங்கே ரொம்ப நாள் தாக்குப்பிடித்ததில்லை.

நடுவர் முத்திரைக்காரர். கறி நல்ல கறிதான் என்று பார்த்து ஊதா மை முத்திரை குத்துகிற மனிதர். சிரித்து யாரும் பார்த்ததில்லை. மேடையில் ரத்தத்தைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே அவர் வந்து நின்று, "ரெண்டு பேரும் கேக்கறதைச் சொல்லுங்க" என்றார்.

"அவ என் வீட்டுக்கு வரணும். இனிமே எங்களுக்கு நடுவுல ஒருத்தனும் மூக்கை நுழைக்கக் கூடாது" என்றான் ரெட்டை, கையைத் துணியால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

"என் தங்கச்சி என் வீட்லதான் இருப்பா. இவன் என் வாசப்படி மிதிக்கக் கூடாது" என்றான் அண்ணன்.

"காயம் ஆறட்டும். அடுத்த சனிக்கிழமை" என்றார் முத்திரைக்காரர்.

தராசு நாலு எட்டு தள்ளித்தான் நின்றாள். அவளைப் பற்றி இரண்டு ஆண்கள் இவ்வளவு தெளிவாகப் பேசி அவள் கேட்டதே இல்லை. ஆனால் ஒருவர்கூட அவள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. கோபம் வந்தது. வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டாள். அண்ணன் ஜெயித்துவிட்டால் போதும். ஓங்கிய கை இல்லாத ஒரு வீட்டில் படுத்து எழுந்திருக்க வேண்டும், அதற்கு மேல் இந்த உலகத்தில் அவளுக்கு எதுவும் வேண்டாம்.

ஆனால் அண்ணன் எங்கே ஜெயிப்பது? அந்தக் குளிர்அறையில் ஆட்டம் தெரிந்த யாருக்கும் விஷயம் தெரியும். கூரை தாழ்வு, அதற்குக் கீழே பழைய குழாய்கள் வேறு. பந்தை உயரமாகத் தூக்கி அடித்தால் குழாயில் பட்டு விழும், பாயின்ட் போய்விடும். அதனால் அங்கே ஆட்டமே சர்வீஸில்தான் இருக்கிறது. வலையை உரசிக்கொண்டு தாழ்வாகப் போகிற சர்வீஸ் போடத் தெரிந்தவன் பிழைத்தான். கொஞ்சம் உயரமாகப் போனாலும், எதிரில் கோட்டை மிதித்துக்கொண்டு நிற்பவன் பாய்ந்து வந்து முகத்திலேயே அறைவான். ரெட்டை அப்படிப் பாய்வதில் பேர் போனவன். அவன் அடித்த பந்து ஒருவனுடைய கண்ணில் பட்டு அவன் ஒரு வாரம் கட்டோடு திரிந்தான். அண்ணனுடைய சர்வீஸோ, வா வந்து அடி என்று கூப்பிடுகிற சர்வீஸ்.

அதுவரை தங்கப் போன அண்ணன் வீட்டின் நடையில், இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் வலை உயரத்துக்கு ஒரு கயிறு கட்டினாள் தராசு. பள்ளியில் அவள் நன்றாக ஆடியவள். கல்யாணத்துக்குப் பிறகு மட்டையைத் தொடவில்லை, தொட விடவில்லை. மாவுக்கட்டுக் கையை மார்போடு தொங்கவிட்டுக்கொண்டு அண்ணனுக்குச் சொல்லிக் கொடுத்தாள். அவனும் முதல் இரண்டு நாள் ஒழுங்காகக் கேட்டான்.

"இறகு நுனியை ரெண்டு விரலால பிடி. மட்டையை வயித்துக்கு முன்னாடி வை. கட்டை விரலால பின்னாலேருந்து தள்ளு. வீசாத, தள்ளு."

"தள்ளிக்கிட்டுத்தானே இருக்கேன்."

"நீ தள்ளலண்ணா. நீ எலும்பெடுக்கறே. கடைசில மணிக்கட்டை உன் பக்கம் சுண்டி இழுக்கறே பாரு, அதான் பந்து எகிறுது. கத்தியை மறந்துடு."

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. எலும்பைச் சுற்றிச் சதையைப் பிரிக்கும்போது கத்திக்காரர்கள் மணிக்கட்டைத் தங்கள் பக்கம் ஒரு சுண்டு சுண்டுவார்கள். அப்போதுதான் சதை கிழியாமல் கழன்று வரும். வருஷக்கணக்காக அதையே செய்த கை, பந்தைக் கண்டாலும் அதையே செய்தது. மட்டையின் தலை மேலே தூக்கிக்கொள்ளும், பந்து கயிற்றுக்கு மேல் ஒரு சாண் எழும்பும். அந்த ஒரு சாண் போதும் ரெட்டைக்கு.

வியாழக்கிழமை சாயங்காலம் அண்ணன் வேலையிலிருந்து வரும்போதே முகம் சரியில்லை. சுமைக்காரர்கள் ஏதோ கிண்டல் செய்திருக்கிறார்கள். வந்ததும் மட்டையை எடுத்தான். போட்ட சர்வீஸ் எல்லாம் எகிறின. அண்ணி சமையலறை வாசலில் நின்று பந்துகளைப் பொறுக்கிப் பொறுக்கிக் கொடுத்தாள்.

"மறுபடியும் எலும்பெடுக்கறே" என்றாள் தராசு.

"வாயை மூடு."

"நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்? இப்படிப் போட்டா அவன் உன் பல்லைப் பேத்துடுவான். அப்புறம் நான்தான்..."

பளாரென்று விழுந்தது. அவளுடைய தலை சுவரில் மோதிக் காதுக்குள் ஙொய்யென்று ஒரு சத்தம் எழுந்தது. வாய்க்குள் உப்புக் கரித்தது. அண்ணன் தன் கையையே பார்த்தபடி நின்றான்.

"கோவத்துல கை பட்டுடுச்சு" என்றான். கை தானாகவே போய்ப் படுமாம். "உனக்காகத்தானே இவ்ளோவும் பண்றேன். நீ என்னடான்னா நையி நையின்னு..."

உனக்காகத்தானே என்று ரெட்டையும் சொல்வான். அடித்து முடித்த பிறகு, கிட்டத்தட்ட இதே குரலில்.

ஆனால் தராசை உலுக்கியது அந்த அறை இல்லை. அண்ணி பதறவில்லை. ஐயோ என்று ஒரு சத்தம்கூடப் போடவில்லை. கையிலிருந்த பந்துகளை அலமாரி மேல் வைத்துவிட்டு, குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து ஐஸ் கட்டிகளை உதிர்த்து, ஏற்கெனவே மடித்து வைத்திருந்த ஒரு துணியை எடுத்து அதில் சுற்றிக்கொண்டு வந்தாள். துணி எங்கே இருக்கிறது என்று தேடவேயில்லை. அதைப் பார்த்ததும் தராசுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

"எப்பலேருந்து அண்ணி?"

அண்ணி ஐஸை அவள் கன்னத்தில் அழுத்திப் பிடித்தாள். "உன் கல்யாணத்துக்கு முன்னாடிலேருந்தே."

"நான் இந்த வீட்லதானே இருந்தேன்?"

"நீ இருக்கறப்ப சத்தம் வெளியே வராம பாத்துக்குவாரு."

தராசுக்கு அழுகை வரவில்லை, அடிவயிற்றிலிருந்து ஆத்திரம்தான் வந்தது. இவன் ஜெயித்தால் இந்த வீடு, அவன் ஜெயித்தால் அந்த வீடு. இரண்டு வீட்டிலும் ஐஸ் இருக்கிறது.

"நீ எங்கேயாவது போயிடேன்" என்றாள் அண்ணி. "பொட்டலப் பிரிவுப் பொண்ணுங்க சேந்து ஒரு ரூம் எடுத்துத் தங்கியிருக்காங்களே."

"போனா மட்டும் விடுவானா? கதவை உடைச்சுக்கிட்டு வருவான். அவனைத் தடுக்கற ஒரே விஷயம் அந்த வலை. அங்க தோத்தாத்தான் அவன் ஆளுங்களே அவனைப் பிடிச்சு வெப்பாங்க." அவள் ஐஸை வாங்கித் தானே பிடித்துக்கொண்டாள். "நானே ஆடறேன் அண்ணி."

"ஒத்தைக் கையாலயா?"

"சர்வீஸ் போட ஒரு கை, பந்தைப் பிடிக்க ரெண்டு விரல். விரல் ரெண்டும் கட்டுக்கு வெளியேதான் நீட்டிக்கிட்டிருக்கு."

அன்றே மட்டையை எடுத்தாள். முதல் பந்து கயிற்றுக்குக் கீழே போயிற்று, இரண்டாவதும் போயிற்று. பிறகு ஒன்றைக் கவனித்தாள். அவளுடைய பழைய குறையே, சர்வீஸ் போடும் நேரத்தில் பந்து பிடித்த கை லேசாக ஆடுவதுதான். பள்ளியில் எத்தனையோ தடவை திட்டு வாங்கியும் போகாத குறை. இப்போது கை ஆடவில்லை. ஆட முடியாது. விரலடியிலிருந்து முழங்கை வரை கல்லாக இறுகிக் கிடந்தது மாவுக்கட்டு. கட்டை இடுப்போடு ஒட்டி வைத்துவிட்டால் பந்து ஆணியில் மாட்டியதுபோல அசையாமல் நின்றது. உடைத்தவன் அவன், அந்த உடைந்த கைதான் பந்தை இப்படிப் பிடித்தது. அதை நினைத்தபோது முகம் வலிக்க வலிக்கச் சிரித்தாள்.

மட்டை எவ்வளவு தள்ளினால் பந்து எவ்வளவு போகும் என்பது எடை போடுகிற விஷயம். அது அவளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மறுநாள் அண்ணன் வேலைக்குப் போன பிறகு அண்ணி கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பாத்திர மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பந்தை அடிக்க முடிந்தால் அடிப்பது அவளுடைய வேலை. வெள்ளிக்கிழமை பிற்பகல், கூடத்துக் கழுவும் பிரிவில் தன் வேலைக்கு அண்ணி கிளம்புகிற நேரத்தில், மூடியில் பந்து பட்டு வெகுநேரம் ஆகியிருந்தது.

"கண்ணுக்கே தெரியல" என்றாள் அண்ணி. "கயித்தைத் தாண்டினதும் செத்து விழுது."

சனிக்கிழமை வேலை முடிந்ததும் கத்திகளை எண்ணிப் பூட்டினார்கள். குளிர்அறையில் நிற்க இடமில்லை. பெட்டிகள்மேல், தொட்டிகள்மேல், ஒருவர் தோளில் ஒருவர் தொங்கிக்கொண்டு நின்றார்கள். ஒரு பக்கம் கத்திக்காரர்கள், மறுபக்கம் சுமைக்காரர்கள். ரெட்டை முன்கைக் கட்டோடு மட்டையைச் சுழற்றிக்கொண்டிருந்தான். அண்ணன் சட்டையைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு உள்ளே இறங்கினான்.

அவனுக்கு முன்னால் தராசு போய்க் கோட்டில் நின்றாள்.

"வழக்கு என்னோடது. நான் ஆடறேன்."

அறை சிரித்தது. பிறகு அவள் நகரவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பு அடங்கியது. அண்ணன் பாய்ந்து வந்து அவளுடைய தோளைப் பிடித்தான். "ஏய், கிறுக்கு பிடிச்சிருக்கா உனக்கு? அந்தப் பக்கம் போ."

அவள் அவனைப் பார்க்கவில்லை. முத்திரைக்காரரைப் பார்த்துக் கேட்டாள். "யார் கை உடைஞ்சுது? அண்ணனோடதா, என்னோடதா?"

முத்திரைக்காரர் மாவுக்கட்டைப் பார்த்தார், வீங்கிய கன்னத்தைப் பார்த்தார். முத்திரை குத்துவதற்கு முன் கறியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார். "பொம்பளை ஆடக் கூடாதுன்னு யாரும் சொன்னதில்ல" என்றார் கடைசியில். "இதுவரைக்கும் எவளும் கேட்டதில்ல, அவ்ளோதான். உனக்கு என்ன வேணும்?"

"இவன் என் பக்கமே வரக் கூடாது. நான் இருக்கற வீடு, நடக்கற தெரு, வேலை பாக்கற பிரிவு, எங்கேயும்."

புருஷனை அவன் எதிரிலேயே அவள் இவன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. ரெட்டையின் காது சிவந்தது. "ஒத்தைக் கைக்காரியை ஜெயிச்சேன்னு நாளைக்கு எல்லாவனும் சிரிப்பான். பரவால்ல. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கறேன்" என்றான். அந்தப் பேச்சு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். மட்டைப் பிடியை இறுக்கிக்கொண்டாள்.

ஆரம்பத்தில் சர்வீஸ் அவனுடையது. அவன் பாயின்ட்டைக் குறி வைக்கவில்லை, அவளைக் குறி வைத்தான். முதல் அடி தொண்டைக் குழியில் பட்டு மூச்சு அடைத்தது. அடுத்தது மார்பில் விழுந்தது. அதற்கடுத்தது வேண்டுமென்றே மாவுக்கட்டுமேல் இறங்கியது. எலும்புக்குள் மின்சாரம் ஓடியதுபோல் வலித்து அவள் மண்டியிட்டுவிட்டாள். சுமைக்காரர்கள் ஓவென்று கத்தினார்கள். கத்திக்காரர்கள் அவர்களுடைய அம்மா, அக்கா, பாட்டி எல்லோரையும் இழுத்தார்கள். கூட்டத்தில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டு தனியாக ஒரு சண்டையை ஆரம்பித்து, ஒருவன் மூக்கில் ரத்தம் வந்து, பிரித்து விட்டார்கள்.

அவன் பாயின்ட் ஏறிக்கொண்டே போனது. ரெட்டைக்குத் தலைகால் புரியவில்லை. வேகமாக ஒன்று போட்டு அவளை மல்லாக்க விழவைக்க ஆசைப்பட்டான். பந்து குழாயில் டங்கென்று மோதி அவன் தலைமேலேயே விழுந்தது.

சர்வீஸ் தராசின் கைக்கு வந்தது.

மாவுக்கட்டை இடுப்போடு ஒட்டினாள். இரண்டு விரலில் பந்து. ரெட்டை முன்கோட்டில் காலை அழுத்திக்கொண்டு, மட்டையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றான். தள்ளினாள். பந்து வலையின் பட்டியை உரசிக்கொண்டு போய் அவன் காலடியில் உட்கார்ந்தது. அவன் மட்டை வெறும் காற்றை அடித்தது. அடுத்ததும் அப்படியே போயிற்று. அதற்கடுத்ததை எப்படியோ தோண்டி எடுத்தான். பந்து மேலே எழுந்து குழாயில் பட்டது. அந்த அறையில் தாழ்வாக வந்ததைத் தூக்கி அடிக்க வழியே கிடையாது.

"என்னடா பண்றே, முன்னாடி வா!" என்று அவனுடைய ஆட்கள் கத்தினார்கள்.

அவன் முன்னால் வந்தான். கோட்டுக்கு மேலேயே வந்து, அவள் தள்ளும்போதே பாயத் தயாரானான். அங்கேதான் மாட்டிக்கொண்டான். ரெட்டை பாய்வதற்கு முன் மூக்கால் ஒரு மூச்சு இழுப்பான், இடது தோள் லேசாக இறங்கும். இது அவனுக்கே தெரியாது. சமையலறையில், படுக்கையறையில், குளியலறை வாசலில், எத்தனை தடவை அந்த மூச்சைக் கேட்டு முகத்தை மறைத்துக்கொண்டிருப்பாள்! அவனைப் பெற்றவளுக்குக்கூட அது தெரிந்திருக்காது. தோள் இறங்கியதும் தராசு தள்ளவில்லை, சட்டென்று ஒரு தட்டு தட்டினாள். பந்து அவனுடைய காதை ஒட்டிப் பின்கோட்டில் போய் விழுந்தது. பாய்ந்தவன் வலையில் முகத்தை இடித்துக்கொண்டான்.

யாரோ சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவனுக்கு ஆட்டம் மறந்தே போய்விட்டது. அவன் கண்ணில் இருந்ததை அவள் வீட்டில் பார்த்திருக்கிறாள். இங்கே இத்தனை பேர் முன்னால் பார்ப்பது இதுதான் முதல் தடவை. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் சர்வீஸ் போட்டுக்கொண்டே இருந்தாள். தாழ்வாக ஒன்று, தாழ்வாக ஒன்று, பிறகு காதோரமாக ஒன்று. நடுவில் சர்வீஸ் அவனிடம் போனபோதெல்லாம் உடம்பில் வாங்கிக்கொண்டாள். உதடு கிழிந்தது. முட்டி தேய்ந்தது. ஒவ்வொரு தடவையும் எழுந்து வந்து கோட்டில் நின்றாள்.

அவள் பத்தொன்பதுக்கு வந்தபோது அவன் இரண்டு பாயின்ட் பின்தங்கியிருந்தான். அவள் சர்வீஸைத் தள்ளினாள். ரெட்டை வலைமேல் பாய்ந்தான். பந்து எப்போதோ கீழே விழுந்துவிட்டது. மட்டை நிற்கவில்லை. வலையைத் தாண்டி வந்து, மட்டையின் விளிம்பு அவளுடைய புருவத்தைப் பிளந்தது.

ரத்தம் கண்ணுக்குள் இறங்கி, மூக்கோரமாக வாய்க்கு வந்தது.

"தெரியாமப் பட்டுடுச்சு" என்றான் ரெட்டை.

அத்தனை பேரும் பார்த்திருந்தார்கள். குடும்பத்துக்குள்ள ஆயிரம் இருக்கும் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. "பந்து முன்னாடியே விழுந்துடுச்சு, மட்டையும் வலை தாண்டிடுச்சு. பாயின்ட் அவளுக்கு" என்றார் முத்திரைக்காரர்.

அண்ணன் கையை முறுக்கிக்கொண்டு உள்ளே பாய்ந்தான். "இவனை இன்னைக்குக் கொல்லாம விடமாட்டேன்!"

"வெளியே நில்லு" என்றாள் தராசு. "இது என்னோட ஆட்டம்."

ஒரு கண் மூடிவிட்டது. புறங்கையால் துடைத்தாள், துடைக்கத் துடைக்க வந்தது. வலை ஒரு கண்ணுக்கு முன்னும் பின்னுமாக அசைந்தது. பார்த்துப் போட்டால்தானே கண் வேண்டும்? கைக்குத் தெரிந்த எடை அது. கட்டை இடுப்போடு ஒட்டினாள், கட்டை விரலால் தள்ளினாள். பந்து வலையின் பட்டிமேல் ஏறி, ஒரு கணம் தயங்கி, அந்தப் பக்கம் உருண்டது. ரெட்டை தலைகுப்புறப் பாய்ந்தான். வலையும் கம்பமும் அவனும் ஒன்றாகச் சரிந்தார்கள். அவனுக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது பந்து.

"இருபத்தொண்ணு" என்றார் முத்திரைக்காரர்.

ரெட்டை எழுந்து மட்டையைத் தரையில் அடித்து உடைத்தான். உடைந்த கம்பைப் பிடித்துக்கொண்டு அவளை நோக்கி வந்தான். அவனைத் தடுத்தவர்கள் கத்திக்காரர்கள் இல்லை, அவனோடு தோள் கொடுத்துச் சுமை தூக்குகிற அவனுடைய ஆட்களே. ஒருவன் அவனுடைய நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். "தோத்துட்டே. போ." அவன் திமிறினான். திரும்பி ஒருவன் வயிற்றில் குத்தினான். பதிலுக்கு நாலைந்து குத்து சேர்ந்தாற்போல் விழுந்தன. கழுத்தைப் பிடித்து அவனை வெளியே தள்ளிக்கொண்டு போனார்கள். அவனுடைய வசவு நடைபாதை நெடுகக் கேட்டு, கனத்த கதவு சாத்தியதும் நின்றது.

கத்திக்காரர்கள் விசிலடித்தார்கள். அண்ணனுக்கு நெஞ்சு இரண்டு சுற்று பெரிதாகிவிட்டது. "பாத்தீங்களாடா? என் தங்கச்சிடா அவ! நான் சொல்லிக் குடுத்த ஆட்டம்டா!" என்று எல்லோர் முதுகிலும் தட்டினான். பிறகு அவளுடைய தோளில் கை போட வந்தான். "வா, வீட்டுக்குப் போலாம்."

தராசு விலகி நின்றாள். சாய்ந்த கம்பத்தை நிமிர்த்தச் சொல்லி இரண்டு பேரிடம் கை காட்டினாள். வலை மறுபடி நின்றதும், "அண்ணா, நீ அந்தப் பக்கம் போய் நில்லு" என்றாள்.

"எதுக்கு?"

"வியாழக்கிழமை என்னை அறைஞ்சியே, அதுக்கு."

வீங்கிய கன்னத்துக்கும் ரெட்டைதான் காரணம் என்று நினைத்திருந்த கூட்டம் அண்ணன் பக்கம் திரும்பியது. அவனுக்கு முகம் வெளுத்தது. "லூசு மாதிரிப் பேசாத. வீட்டு விஷயத்தை வீட்ல பேசிக்கலாம்."

"வீட்ல பேசினா கை பட்டுடுது."

"கூப்பிட்டா ஆடணும். வரலேன்னா தோத்த மாதிரிதான்" என்றார் முத்திரைக்காரர், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

அண்ணன் போய் நின்றான். வேறு வழியில்லை. தராசு மட்டையைத் தூக்கினாள். ரத்தம் மறுபடி கண்ணில் இறங்கியது. அப்போது கழுவும் பிரிவுக் கூட்டத்திலிருந்து ரப்பர் பூட்ஸ் சத்தம் வந்தது. ஈர ஏப்ரனோடு அண்ணி வந்து, அவளுடைய கையிலிருந்த மட்டையைப் பிடித்து வாங்கினாள்.

"நீ போய் உக்காரு, ரத்தம் நிக்கட்டும். என் வழக்கு உன்னோடதை விடப் பழசு."

அண்ணனுக்குக் குரல் கீச்சென்று வந்தது. "உனக்கு ஆடத் தெரியுமாடி?"

"தெரியாது. அடி வாங்கத் தெரியும். மீதியை இவ சொல்லித் தருவா."

யாரும் சிரிக்கவில்லை. "ஜெயிச்சா என்ன வேணும்?" என்று கேட்டார் முத்திரைக்காரர்.

அண்ணி யோசித்தாள். இப்படி ஒரு கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதே இல்லை என்பது அவள் யோசித்த விதத்திலேயே தெரிந்தது. "அவரு கை என்மேல படக் கூடாது" என்றாள். "இன்னைக்கு ஜெயிக்க மாட்டேன்னு எனக்கே தெரியும். அடுத்த சனிக்கிழமையும் வருவேன். ஜெயிக்கற வரைக்கும் வருவேன். ஒவ்வொரு தடவையும் எதுக்கு வந்திருக்கேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லுவேன்."

கரண்டியைப் பிடிப்பதுபோல் மட்டையைப் பிடித்து ஒரு சர்வீஸ் போட்டாள். பந்து வலை வரைக்கும்கூடப் போகவில்லை. பாயின்ட் அண்ணனுக்கு, சர்வீஸும் அண்ணனுக்கு. யாரோ பந்தை எடுத்து அவனிடம் கொடுத்தார்கள்.

அவன் இறகு நுனியை இரண்டு விரலால் பிடித்தான். மட்டையை வயிற்றுக்கு முன் வைத்தான். கத்திக்காரர்களும் சுமைக்காரர்களும் கழுவும் பிரிவுப் பெண்களும் அவனுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மட்டையை இறக்கினான், மறுபடி தூக்கினான், மறுபடி இறக்கினான்.

"போடுங்க" என்றாள் அண்ணி. "எல்லாரும் பாக்கறாங்க."